எச்சரிக்கைக் கடிதங்கள் எந்த அலுமாரியில் கிடந்தன?

ஊரில் வெள்ளம் வந்தாலும் மண் சரிந்தாலும் புயல் அடித்தாலும் இங்கே எங்களுக்கு உடனே செய்யத் தெரிந்த வேலை ஒன்றுதான். காசு சேர்ப்பது. அதில் நாங்கள் கெட்டிக்காரர். இரவோடு இரவாக ஒரு வாட்ஸ்அப் குழு முளைக்கும். அடுத்த சனிக்கிழமை ஏதாவதொரு மண்டபத்தில் பழைய மாணவர் சங்கம் இராப்போசன விருந்து வைக்கும். துங்காபியிலும் டண்டினோங்கிலும் கொத்துரொட்டி விற்றுச் சேர்த்த டொலர் ஒரு கிழமைக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையை உருக்குலைத்து 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோதும் எங்கள் கை முதலில் பணப்பையைத்தான் தேடியது.

அதில் பிழை ஒன்றுமில்லை. பிள்ளை பசியில் நிற்கிற நேரத்தில் முதலில் சோறு, பிறகுதான் கதை. ஆனால் சோறு கொடுத்து முடித்த பிறகும் நாங்கள் வாயைத் திறப்பதில்லை. நன்றிக் கடிதமும் நாலு படமும் வந்ததும் அந்தக் குழு அமைதியாகிவிடும். அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். இருபது வருடமாக இதையே செய்துகொண்டிருக்கிறோம். இந்த இருபது வருடத்தில் நாங்கள் ஒருமுறைகூடச் சேர்ந்து நின்று கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: முன்கூட்டியே தெரிந்திருந்தும் சனத்தைச் சாக விட்டதற்கு ஆர் பொறுப்பு?

"முன்கூட்டியே தெரிந்திருந்தும்" என்பதைச் சும்மா கோபத்தில் எழுதவில்லை. மீரியபெத்தையை எடுத்துக்கொள்வோம்.

எங்களில் எத்தனை பேருக்கு மீரியபெத்தை எங்கே இருக்கிறது என்று தெரியும்? பதுளை மாவட்டத்தில், ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பிரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயன் வீடுகளை அப்படியே மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. எத்தனை பேர் புதைந்தார்கள் என்ற கணக்கே நாளுக்கு நாள் மாறியது. முதலில் முந்நூறு என்றார்கள், பிறகு நூறுக்குக் கீழே என்றார்கள், கடைசியில் நாற்பதுக்கும் கீழே வந்து நின்றது. தங்கள் எல்லைக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்றே உறுதியாகச் சொல்ல முடியாத நிர்வாகம் அது. பெரும்பாலானவர்களின் உடல் இன்றுவரை மண்ணுக்குள்தான்.

இது இயற்கையின் சீற்றம் என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அதாவது மண்சரிவு அபாயத்தை அளந்து சொல்வதற்கென்றே அரசு வைத்திருக்கிற நிறுவனம், 2005இலும் 2011இலும் இந்த இடம் ஆபத்தானது, சனத்தை இங்கிருந்து அகற்ற வேண்டும் என்று எச்சரித்திருந்தது. முதல் எச்சரிக்கைக்கும் மலை சரிந்ததற்கும் இடையில் ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்தில் ஒரு அமைச்சரின் வாகனமும் குறையவில்லை. அகற்றப்படாமல் இருந்தது அந்தச் சனம் மட்டும்தான்.

சரிவுக்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்த முதல் விளக்கம், போகச் சொன்னோம், அவர்கள் போகவில்லை என்பது. இதைக் கேட்டு இங்கே தலையாட்டியவர்களும் இருந்தார்கள். கொஞ்சம் யோசியுங்கள். தோட்டத் தொழிலாளி குடியிருக்கும் நிலம் அரசாங்கத்துடையது. அதை 1990களில் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். லயன் அறை கம்பனியின் கையில். தொழிலாளிக்குக் காணி உறுதியும் இல்லை, வீட்டு உறுதியும் இல்லை. பிரதேச சபையிடம் போனால், தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தராது என்பார்கள். அந்தச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. கம்பனி அரசைக் காட்டும், அரசு கம்பனியைக் காட்டும், சபை சட்டப் புத்தகத்தைக் காட்டும். "போ" என்று சொல்ல ஆளிருந்தது. எங்கே போவது என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் துணிகளால் மறைப்புக் கட்டிக்கொண்டு கிட்டத்தட்ட இரண்டு வருடம் இருந்தார்கள். 2016 ஒக்டோபரில் மகல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. எழுபத்தைந்து வீடு. இதை 2006இல் கட்டியிருந்தால்? 2012இல் கட்டியிருந்தாலும் போதும்.

இதில் ஊழல் எங்கே இருக்கிறது, இது வெறும் அலட்சியம்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஊழல் என்றால் மேசைக்குக் கீழே கைமாறும் காசுக்கட்டு என்றுதான் நாங்கள் பழகியிருக்கிறோம். ஆனால் இரண்டாவது எச்சரிக்கை வந்த 2011க்கும் மலை சரிந்த 2014க்கும் இடையில் இலங்கை அரசு எதைக் கட்டியது என்று பாருங்கள். 2013 மார்ச்சில் அம்பாந்தோட்டை மாவட்டத்தில் மத்தள விமான நிலையம் திறந்தார்கள். செலவு 20 கோடி அமெரிக்க டொலருக்கு மேல், பெரும்பகுதி சீனக் கடன். பெயர் மத்தள ராஜபக்ச சர்வதேச விமான நிலையம். விமானம் வராமல், அதன் பண்டகசாலையில் நெல் சேமித்து வைத்த கதை உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. ஒரு குடும்பத்தின் ஊருக்கும் பெயருக்கும் கோடிக்கணக்கில் காசு இருந்த நாட்டில் எழுபத்தைந்து வீட்டுக்குக் காசு இல்லாமல் போனது அலட்சியமா? பொதுப் பணத்தை ஆருக்குச் செலவழிப்பது என்று தீர்மானிக்கிற அதிகாரத்தைச் சொந்த இலாபத்துக்குப் பாவிப்பதும் ஊழல்தான். அதில் கைமாறும் காசுக்கு ரசீது இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, காசுக்கட்டு ஊழலையே பேசுவோம் என்றால் அதற்கும் எங்கள் கண்முன்னே நடந்த உதாரணம் இருக்கிறது. 2004 டிசெம்பர் 26. சுனாமி இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அம்பாறையும் முல்லைத்தீவும் மட்டக்களப்பும் மிக மோசமாக அடிபட்டன. உலகமே அள்ளிக் கொடுத்தது. நாங்களும் கொடுத்தோம். சிட்னியில் வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர்கள் ஒரு கிழமைச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பணத்துக்கு என்ன நடந்தது? 2005 செப்டெம்பரில் அன்றைய கணக்காய்வாளர் நாயகம் எஸ்.சி. மாயாதுன்னே வெளியிட்ட இடைக்கால அறிக்கை, வாக்களிக்கப்பட்ட வெளிநாட்டு உதவியில் அந்த யூலை வரை 13.5 வீதமே செலவாகியிருந்தது என்றது. பாதிக்கப்படாதவர்களுக்கு நட்டஈடு போயிருந்ததையும், பாதிக்கப்பட்டவர்கள் கூடாரத்தில் கிடந்ததையும் அதே அறிக்கை காட்டியது. ஐந்தாம் ஆண்டு நினைவின்போது ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் ஸ்ரீலங்கா அமைப்பு, கிடைத்த நிதிக்கும் செலவழித்த நிதிக்கும் இடையில் ஏறத்தாழ 47 கோடி டொலருக்கு விளக்கம் இல்லை என்று சொல்லி முழுக் கணக்காய்வு கேட்டது. அந்தக் கணக்காய்வைச் செய்து கணக்குச் சொல்ல எந்த அரசும் முன்வரவில்லை.

பிறகு "ஹெல்பிங் அம்பாந்தோட்டை". சுனாமி நிவாரணமாக வந்த பணத்தில் 8 கோடி 20 இலட்சம் ரூபாவுக்கு மேல் இந்தப் பெயரில் திறந்த ஒரு கணக்குக்குப் போனதாக 2005இல் செய்தி வெளியானது. அப்போதைய பிரதமர் மகிந்த ராஜபக்ச. தவறு எதுவும் நடக்கவில்லை என்பது அவர் தரப்பு. பொலிஸ் விசாரணை தொடங்கியது. அவர் உயர் நீதிமன்றம் போனார். நீதிமன்றம் முதலில் விசாரணையை நிறுத்தி வைத்தது, 2006 மார்ச்சில் ஒரேயடியாக இரத்துச் செய்தது. அதற்குள் அவர் ஜனாதிபதியாகிவிட்டார். அந்தத் தீர்ப்பை வழங்கிய பிரதம நீதியரசர் சரத் என். சில்வா, பல வருடம் கழித்து, அதற்காக நாட்டு மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு நல்ல விஷயம்தான். ஆனால் நிறுத்திய விசாரணையை மன்னிப்பு தொடங்கி வைக்காது.

அதே காலத்தில் கடற்கரையில் ஒரு கட்டுப்பாடு போட்டார்கள், பலருக்கு நினைவிருக்கும். கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்கு வீடு கட்டக்கூடாது. மீனவன் வள்ளத்தையும் வலையையும் விட்டு உள்ளே போக வேண்டும். உல்லாச விடுதிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. பாதுகாப்புக்காகச் செய்த விதி என்றால் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிக்கு மட்டும் அலை விலகிப் போகுமா என்ன? எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அதைத் தளர்த்தினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இன்றைய அரசைத் தொடுகிறது. வடக்குக் கிழக்குக்குச் சுனாமி உதவி நேராகப் போய்ச் சேர்வதற்காக 2005 யூன் 24இல் பொதுக் கட்டமைப்பு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனது மக்கள் விடுதலை முன்னணி. அரசிலிருந்து வெளியேறியதும் அதே காரணத்துக்காகத்தான். யூலை 15இல் உயர் நீதிமன்றம் ஒப்பந்தத்தின் முக்கியமான பகுதிகளுக்குத் தடை போட்டது. ஒப்பந்தம் அத்தோடு செத்தது. அன்று அந்தக் கட்சியின் அமைச்சர்களில் ஒருவராக இருந்து பதவி விலகியவர் அநுர குமார திசாநாயக்க. இன்று அவர் ஜனாதிபதி.

பழசைக் கிளறுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஊழலை ஒழிப்போம் என்று சொல்லித்தான் 2024இல் தேசிய மக்கள் சக்தி வந்தது. யாழ்ப்பாணத்திலும் நுவரெலியாவிலும்கூடத் தமிழ்ச் சனம் அவர்களுக்கு வாக்குப் போட்டது. முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவை 2025 ஓகஸ்டில் பொதுப்பணத்தைப் பாவித்த வழக்கில் கைது செய்ததையும் பார்த்தோம். முன்பு இருந்தவர்களை விட இவர்கள் கை சுத்தம் என்று நானும் நம்ப விரும்புகிறேன். ஆனால் போனவர்களின் கோப்பைத் திறப்பது சுலபம். தங்கள் ஆட்சியில் நடந்த அழிவின் கோப்பைத் திறப்பதில்தான் ஒரு அரசின் நேர்மை தெரியும். டித்வா அந்தச் சோதனை.

டித்வாவில் மிக மோசமாக அடிபட்டவை கண்டி, பதுளை, நுவரெலியா. திரும்பவும் மலை, திரும்பவும் மண்சரிவு, திரும்பவும் லயன். எச்சரிக்கை எப்போது வந்தது, வந்தபிறகு என்ன செய்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. தமிழில் எச்சரிக்கை பிந்தியும் அரைகுறையாகவும் வந்தது என்ற முறைப்பாடும் அந்த நாட்களில் பரவலாக எழுந்தது. சட்டப்படி தமிழும் அரசகரும மொழிதான். மலை சரியப் போகிறது என்பதைக் கேட்பவனுக்கு விளங்காத மொழியில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் ஒன்றுதான்.

அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை தருவதாக ஜனாதிபதி அறிவித்தார். நல்ல அறிவிப்பு. முந்தைய அனர்த்தங்களில் கொடுத்ததை விட எவ்வளவோ கூட. ஆனால் அந்தப் பணம் ஆருடைய பெயருக்கு வரும்? கிராமத்தில் வீடு உள்ளவர் உறுதியைக் காட்டுவார். லயன் அறையில் மூன்று தலைமுறை இருந்தவர் எதைக் காட்டுவார்? நிலம் அரசுடையது, கட்டடம் கம்பனியுடையது என்ற அதே பழைய கதைக்குள் அந்த 50 இலட்சமும் புதைந்துபோகாது என்று ஆர் உறுதி தருவது? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும், தோட்டம் தோட்டமாக, பெயர் பட்டியலோடு.

இது தமிழருக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தக் குப்பையை எடுக்கச் சொல்லி அந்த ஏழைச் சனம் வருடக்கணக்காக வீதியில் நின்று போராடியிருந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த இடம். கொழும்பின் குப்பை எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்தவர்களின் வீட்டுக்குப் பக்கத்தில் அது கொட்டப்படவில்லை.

கேட்டு என்ன பிரயோசனம், அங்கே ஒருநாளும் ஒருவரும் பொறுப்பு ஏற்றதில்லை என்று சொல்லுவீர்கள். அது முழு உண்மை இல்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்கு முன்னரே உளவுத் தகவல் வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்ததற்காக, 2023 சனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைத் தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா கட்டச் சொன்னது. முன்னாள் பொலிஸ்மா அதிபருக்கு ஏழரைக் கோடி. உளவுத்துறைத் தலைவருக்கும் ஏழரைக் கோடி. பாதுகாப்புச் செயலாளருக்கு ஐந்து கோடி. சிறிசேன தவணை தவணையாகக் கட்டினார்.

இந்தத் தீர்ப்பைப் புலம்பெயர்ந்த தமிழர் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். எச்சரிக்கை கிடைத்தும் அசையாமல் இருந்தால், நாட்டின் தலைவராக இருந்தாலும் சொந்தக் காசில் நட்டஈடு கட்ட வேண்டும் என்று இலங்கையின் அதியுயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. குண்டு பற்றிய எச்சரிக்கைக்கு ஒரு சட்டம், மலை பற்றிய எச்சரிக்கைக்கு இன்னொரு சட்டமா? உயிர்த்த ஞாயிறில் இறந்தவர்களுக்காகக் கத்தோலிக்கத் திருச்சபை நின்றது, கர்தினால் நின்றார், சட்டத்தரணிகள் நின்றார்கள். மீரியபெத்தைக்கு ஆர் நின்றது? தோட்டத் தொழிற்சங்கங்கள் அந்த நேரத்தில் அமைச்சர் பதவியோடு அரசுக்குள் இருந்தன. நாங்கள் காசு அனுப்பிவிட்டு இருந்தோம்.

நாங்கள் வாழும் நாட்டைப் பாருங்கள். 2009 பெப்ரவரி 7, கறுப்புச் சனிக்கிழமை. விக்டோரியாவில் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அரச ஆணைக்குழு 155 நாள் பகிரங்கமாக விசாரித்தது. ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தது. 67 பரிந்துரைகள் வந்தன. கில்மோர் ஈஸ்ட் தீ மின்கம்பி அறுந்து தொடங்கியது. பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து போட்ட வழக்கில் 2014இல் மின்சாரக் கம்பனியும் மற்றவர்களுமாக ஏறத்தாழ 50 கோடி டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். இறந்தவர்கள் திரும்பி வரவில்லை. ஆனால் எந்த நேரத்தில் எவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பது இன்று எவரும் எடுத்து வாசிக்கக்கூடிய பதிவாக இருக்கிறது.

இங்குள்ள அரசியல்வாதிகள் புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. 2019-20 காட்டுத்தீக்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸ் அரசு கொடுத்த மீட்பு நிதியில், பிரதி முதல்வராக இருந்த ஜோன் பரிலாரோவின் அலுவலகம் தலையிட்டு, பத்து இலட்சம் டொலருக்குக் குறைந்த திட்டங்களை விலக்கியது என்று 2023 பெப்ரவரியில் மாநிலக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை சொன்னது. விளைவு, தொழிற்கட்சித் தொகுதிகளின் திட்டங்கள் அடிபட்டுப் போயின. நன்றாக எரிந்த புளூ மவுண்டன்ஸுக்கு அந்த முதற்கட்டத்தில் ஒரு சதமும் இல்லை. அனர்த்தப் பணத்தில் அரசியல் விளையாடுவது எங்கள் ஊர் நோய் மட்டும் இல்லை. இங்கே அதைக் கண்டுபிடித்துப் பெயரோடு அச்சடிக்க ஒரு அலுவலகம் இருக்கிறது, அச்சடித்த பிறகு அந்த அலுவலகத்தை ஒருவரும் பூட்டவில்லை.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது இயல்பாகவே தெரிகிறது. மீரியபெத்தை கதையைச் சொன்னால் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி "எவ்வளவு காசு தேவை?" இல்லை. "ஏன் ஒருவரும் வழக்குப் போடவில்லை?" என்பதுதான். பெரியவர்களிடம் பதில் இல்லை. "அதெல்லாம் அங்கே அப்படித்தான்" என்போம். அந்த ஒரு வசனத்தைக் கேட்டுத்தான் அவர்கள் எங்கள் ஊர்க் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்துகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

எங்கள் பக்கத்திலும் சுத்தம் வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். சுனாமிக் காலத்தில் இங்கே சேர்த்த காசு எல்லாவற்றுக்கும் எங்களுக்குக் கணக்குக் கிடைத்ததா? கணக்குக் கேட்டவனைத் துரோகி என்று பார்த்த காலமும் இருந்தது. அரசிடம் கணக்குக் கேட்கப் போகிற சங்கம், தன் விருந்தில் சேர்ந்த காசின் கணக்கை முதலில் தன் சுவரில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும். இங்கு பதிவுசெய்த தொண்டு அமைப்புகளின் விபரத்தைத் தேசிய ஆணையத்தின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். பார்த்துவிட்டுக் காசு கொடுக்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

மிச்சப் பாதி கொழும்பிடமும் கன்பராவிடமும் கேட்பது. டித்வாவுக்கு அவுஸ்திரேலிய அரசும் உதவி கொடுத்தது. அது எங்கள் வரிப்பணம். பரமட்டா, கிரீன்வே, புரூஸ், ஹோல்ட் தொகுதிகளில் தமிழ் வாக்கு எவ்வளவு என்பது அங்குள்ள எம்பிமார்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் பொங்கல் விழாவுக்கு வந்து "வணக்கம்" சொல்லப் பழகியிருக்க மாட்டார்கள். அடுத்த பொங்கலுக்கு வரும்போது பொன்னாடையோடு ஒரு கடிதமும் கொடுப்போம்: அந்த உதவி எந்த மாவட்டத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனது என்ற விபரம் தமிழிலும் வெளியாக வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்களா? கேட்காவிட்டால் எப்போது கேட்பீர்கள்?

கொழும்பிடம் கேட்க வேண்டியது இன்னும் நேரானது. டித்வா எச்சரிக்கைகள் பற்றி அரசுக்கு வெளியே உள்ளவர்களைக் கொண்ட, அமைச்சரையும் அதிகாரியையும் அழைத்து விசாரிக்க அதிகாரமுள்ள ஒரு ஆணைக்குழு வேண்டும். அதன் அறிக்கை மூன்று மொழியிலும் வெளிவர வேண்டும். மலையகத்தில் ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளம் கண்ட குடியிருப்புகளின் பட்டியல், அதில் எத்தனை குடும்பம் இதுவரை இடம் மாற்றப்பட்டது, மிச்சம் எத்தனை என்பது வெளியே வர வேண்டும். இடம் மாற்றும்போது காணி உறுதி குடும்பத்தின் பெயரில் வேண்டும். உறுதி இல்லாத வீடு இன்னொரு லயன்தான்.

இதற்குப் பெரிய மாநாடு ஒன்றும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இலங்கையில் நடைமுறையில் இருக்கிறது. பிரசைகள் எவரும் விண்ணப்பிக்கலாம். இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர்கள் எங்களுக்குள் எத்தனையோ பேர். இல்லாதவர்களுக்கு ஊரில் ஒரு மச்சானாவது இருப்பான். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாளுக்குள் தருவோமா மாட்டோமா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், கடைசியில் ஆணைக்குழு வரை போகலாம். ஒரு சங்கம் ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டாலே மலையகம் முழுவதும் முடிந்துவிடும். விருந்துக்கு மண்டபம் பிடிக்கிற அலைச்சலில் பாதி கூட இல்லை.

ஹல்துமுல்ல பிரதேச செயலகத்திலிருந்து தொடங்கலாம். 2005இலும் 2011இலும் மீரியபெத்தை பற்றி வந்த எச்சரிக்கைகளை ஆர் கையெழுத்திட்டு வாங்கினார்கள், அவை பிறகு எந்த மேசைக்குப் போயின, அந்தக் கோப்பின் பிரதியைத் தாருங்கள் என்று.